ஆறாத வெரிகோஸ் புண்ணுக்கு எந்த அழுத்தக் கட்டு? கிரேப் முதல் வெல்க்ரோ வரை

கணுக்காலின் உட்பக்கம், முட்டு எலும்புக்குச் சற்று மேலே ஒரு புண். சுற்றியுள்ள தோல் கறுத்துத் தடித்திருக்கும், ஓயாமல் அரிக்கும். காலையில் வடிந்த வீக்கம் சாயங்காலம் திரும்பிவிடும். கட்டை அவிழ்த்தால் பஞ்செல்லாம் நனைந்திருக்கும். மருத்துவர் சீட்டில் "கம்ப்ரெஷன்" என்று எழுதுகிறார். அதைக் காட்டினால் மருந்துக்கடையில் கிரேப் பேண்டேஜ் கொடுக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ஸ்டாக்கிங் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் லேசர் செய்துகொண்டால் கட்டே வேண்டாம் என்கிறார். முடிவெடுக்க முடியாமல் நாள் போகப் போக, காசெல்லாம் ஆயின்மென்ட்டுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் கரைகிறது.

இங்கே ஒப்பிடுவது காலுக்கு அழுத்தம் கொடுக்கும் வழிகளை. புண்ணின் மேல் எந்த மருந்தை வைப்பது என்பதற்குச் சிறு பகுதி மட்டுமே ஒதுக்கியிருக்கிறோம், ஏனென்றால் புண்ணை ஆற்றுவதில் அதன் பங்கு சிறிது. நிற்கும்போது பாதத்துச் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்களில், 80 முதல் 90 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும். நடக்க ஆரம்பித்ததும் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ள, அந்த அழுத்தம் 30க்குக் கீழே இறங்கிவிடும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பழுதானவருக்கு எவ்வளவு நடந்தாலும் இறங்காது. நீர் வெளியே கசிந்து தோலுக்கடியில் தேங்கும், தோல் கெட்டுப்போகும், கொசுக்கடியைச் சொறிந்த இடம்கூடப் புண்ணாகி நின்றுவிடும். கணுக்காலில் வெளியிலிருந்து ஏறக்குறைய 40 மி.மீ. அழுத்தம் தொடர்ந்து கிடைத்தால் இந்தச் சுழல் நிற்கிறது. தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. ஆகவே எந்தப் பொருள் உசத்தி என்று தேடுவதற்கு முன்னால், அந்தக் கட்டை வாராவாரம் யார் கட்டப்போகிறார் என்பதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

## எதைக் கட்டும் முன்னும் தமனியைப் பாருங்கள்

சிரைப் புண்ணுக்கு, அதாவது வெரிகோஸ் புண்ணுக்கு, அழுத்தம் மருந்து. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்திருந்தால் அதே அழுத்தம் விரலையோ காலையோ பறித்துவிடும். சர்க்கரை நோயாளிகளும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் நிறைந்த நம் ஊரில் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது.

பரிசோதனை எளிது. பத்து நிமிடம் மல்லாந்து படுத்தபின், கையடக்க டாப்ளர் கருவியை வைத்துக் கையிலும் கணுக்காலிலும் மேல் ரத்த அழுத்தத்தை எடுப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். கணுக்காலில் 112, கையில் 140 என்றால் விகிதம் 0.8.

0.8 முதல் 1.3 வரை இருந்தால் முழு அழுத்தம் கொடுக்கலாம். 0.5க்கும் 0.8க்கும் நடுவில் இருந்தால் குறைந்த அழுத்தம்தான், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். 0.5க்குக் கீழே என்றால் கட்டே கூடாது. உடனே ரத்தநாள அறுவை நிபுணரைப் பாருங்கள். 1.3க்கு மேல் வந்தால் நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயில் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி, பட்டி அழுத்தியும் அமுங்காமல் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் எடுக்க வேண்டும்.

கட்டுப்பாட்டில் இல்லாத இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் அழுத்தக் கட்டு ஆபத்து. காலில் தேங்கிய நீர் திடீரென்று இதயத்துக்குத் திரும்பி மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும்.

புண் உண்மையிலேயே சிரைப் புண்தானா என்பதும் உறுதியாக வேண்டும். உள்ளங்காலில் இருந்தால் அது சர்க்கரை நோய்ப் புண்ணாகவோ தொழுநோயால் உணர்வு போன காலின் புண்ணாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயும் இதே கணுக்காலில்தான் புண் உண்டாக்கும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அந்த நோய்க்கூறு இருப்பது 1952இலேயே பதிவானது. அங்கிருந்து வரும் இளவயதுக்காரருக்குக் கணுக்காலில் ஆறாத புண் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் "வெரிகோஸ்" என்று முடிவு கட்டக்கூடாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகள். முதலில், அழுத்தம் எத்தனை நாள் தாங்குகிறது? இரண்டாவது, கட்டப் பழகிய கை வேண்டுமா, வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? மூன்றாவது, நீர் எவ்வளவு வடிகிறது? நாளைக்கு இரண்டு முறை பஞ்சு நனைகிற புண்ணை ஏழு நாள் மூடி வைக்க முடியாது. நான்காவது, ஒரு வாரத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. பொருளின் விலையோடு போக்குவரத்து, கட்டணம், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மலிவாகத் தெரிந்தது பல வீடுகளில் அப்படி இருப்பதில்லை. ஐந்தாவது, நம் ஊர் வெயிலும் வாழ்க்கைமுறையும்: வியர்வை, தினசரிக் குளியல், சம்மணம், குந்தி உட்காரும் கழிப்பறை, செருப்பு.

## கிரேப் பேண்டேஜ்

இது சுளுக்குக்கு ஆனது. பருத்தி நூலை முறுக்கி நெய்ததில் வரும் சிறு நெகிழ்வுதான் அதன் பலம், அது சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும். காலை எட்டு மணிக்கு இறுக்கமாகக் கட்டியது, மதியத்துக்குள் கெண்டைக்காலிலிருந்து சரிந்து கணுக்காலில் மூன்று, நான்கு மடிப்பாகத் திரண்டு நிற்கும். அந்த மடிப்பு கயிறு மாதிரி இறுக்கி, அதற்குக் கீழே பாதம் வீங்கும். சிலருக்கு மடிப்பு அழுத்திய இடத்திலேயே புதுப் புண் வந்துவிடுகிறது.

விலை குறைவுதான். ஆனால் புண்ணை ஆற்றும் அழுத்தம் இதில் தனியாகக் கிடைக்காது. நாலடுக்குக் கட்டின் ஓர் அடுக்காகவோ துத்தநாகக் கட்டின் மேலுறையாகவோ பயன்படுத்தினால் சரி. ஆறு மாதமாகக் கிரேப் கட்டியும் ஆறவில்லை என்று சொல்பவர்களுக்கு அழுத்தச் சிகிச்சை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## துத்தநாகக் களிம்புக் கட்டு

ஜெர்மானியத் தோல் மருத்துவர் பவுல் கெர்சன் உன்னா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்தது. அவர் பெயரால் உன்னா பூட் என்றும் சொல்வார்கள். துத்தநாக ஆக்சைடு களிம்பில் ஊறிய துணிச்சுருளைக் கால் முழுக்கச் சுற்றி, மேலே கிரேப்போ ஒட்டும் பேண்டேஜோ போட வேண்டும். காய்ந்ததும் விறைப்பான உறையாகிவிடும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அந்த உறைமேல் மோதி அழுத்தம் உண்டாகும். ஓய்வாக இருக்கும்போது அழுத்தம் குறைவு, அதனால் இரவில் வலி அதிகம் இருக்காது.

புண்ணைச் சுற்றி அரிப்பும் கரப்பானும் உள்ளவர்களுக்கு இதற்கு இணையானது குறைவு. களிம்பு தோலைத் தணிக்கிறது, சொறியவும் வழியில்லை.

கட்டுவதில் கவனிக்க வேண்டியது: துணியை இழுக்கக்கூடாது, படிய வைத்துக்கொண்டே போக வேண்டும். சுருக்கம் விழும் இடத்தில் வெட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இழுத்துச் சுற்றினால் காய்ந்தபின் வளையமாக நின்று வெட்டும். 3 முதல் 7 நாள் வரை விடலாம். நீர் அதிகம் வடியும் புண்ணில் மூன்றாம் நாளே நாற்றம் வரும். படுத்த படுக்கையாக உள்ளவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் பலன் மிகக் குறைவு, நடந்தால்தான் இது வேலை செய்யும். களிம்பில் சேர்க்கும் பதப்படுத்திகள் சிலருக்கு ஒவ்வாமை தரும். முதல் தடவை 2 நாளில் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

## குறை நெகிழ்வுக் கட்டு

ஆங்கிலத்தில் சொல்லும் ஷார்ட் ஸ்ட்ரெச் இதுதான். பார்வைக்குக் கிரேப் போலவே இருப்பதால் கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். நெசவு கெட்டியானது, முழுக்க இழுத்தாலும் தன் நீளத்தைப் போல இரு மடங்கை எட்டாது. துத்தநாகக் கட்டைப் போலவே, நடக்கும்போது அதிக அழுத்தம், படுக்கும்போது குறைவு. துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால், நீண்ட சிகிச்சைக்கு வாரச் செலவு குறைந்த நல்ல கட்டு இது. வீட்டில் பொறுமையான ஒரு கை இருந்தால் முதலில் யோசிக்க வேண்டியதும் இதைத்தான்.

கட்டும் முறை இது. செவிலியர் செய்வதை நேரில் பார்த்துப் பழகியபின் வீட்டில் செய்யுங்கள்.

காலையில், படுக்கையை விட்டு எழுந்து நடமாடுவதற்கு முன், வீக்கம் வடிந்திருக்கும் நேரத்தில் கட்ட வேண்டும். பாதத்தை மேல்நோக்கி மடக்கி, காலுக்குச் செங்கோணமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதம் தொங்கியபடி கட்டினால், நடக்கும்போது கணுக்காலின் முன்பக்கம் மடிப்பு விழுந்து வெட்டும். முதலில் மெல்லிய பருத்திக் குழாய்த் துணி. அதன்மேல் கால்விரல் அடியிலிருந்து முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழ்வரை பஞ்சு ரோல். கணுக்கால் முட்டுகளின் பின்னே இருக்கும் பள்ளத்தைப் பஞ்சால் நிரப்புங்கள். முன்னங்கால் எலும்பின் கூர்மேல் ஒரு பட்டை கூடுதலாக வையுங்கள். ஒல்லியான கால் என்றால் இன்னும் ஒரு சுற்று, ஏனென்றால் சுற்றளவு குறையக் குறைய அதே இழுப்பு அதிக அழுத்தமாகிவிடும்.

பிறகு 8 செ.மீ. அகல ரோல். விரல் அடியில் இரண்டு சுற்று சுற்றி, குதிகாலை முழுக்க மூடி, கணுக்கால் வழியாக மேலே ஏற்றுங்கள். ரோலைக் காலை விட்டுத் தூக்காமல் தோலோடு ஒட்டி உருட்ட வேண்டும், ஒரே சீரான முழு இழுப்பில். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். இரண்டாவது, 10 செ.மீ. ரோலைக் கணுக்காலில் தொடங்கி எதிர்த்திசையில் சுற்றினால் சரியாமல் நிற்கும். மேலே துணி மிஞ்சினால் முழங்காலுக்குக் கீழே அதே இடத்தில் சுற்றிச் சுற்றி முடிப்பது எல்லோரும் செய்வது. அப்படி முடித்தால் அழுத்தம் அங்கே கூடி ரத்தம் மேலே ஏறாமல் தடைபடும். மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

இன்னும் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. குதிகாலைத் திறந்து விட்டால் அந்த இடைவெளியில் தோல் உப்பிக்கொண்டு வெளியே வரும். கட்டைக் கணுக்காலில் ஆரம்பித்தால் பாதம் வீங்கும். முழங்கால் வரை ஒட்ட ஏற்றினால், குந்தி உட்காரும்போதும் சம்மணம் போடும்போதும் முழங்கால் பின்மடிப்பில் வெட்டும்.

முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள், இரண்டு வினாடியில் சிவப்பு திரும்ப வேண்டும். அரை மணி நேரம் நடந்தபின் மறுபடி பாருங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ வெளிறினாலோ, மரத்தாலோ, காலைத் தொங்கவிட்டால் மட்டுமே வலி குறைந்தாலோ தயங்காமல் அவிழ்த்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இதன் குறை, வீக்கம் வடிய வடியத் தளர்ந்துபோவது. முதல் இரண்டு வாரம் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கட்ட வேண்டியிருக்கும். அதனால் இரண்டு செட் தேவை, ஒன்று காயும்போது மற்றது காலில். வெந்நீரில் சோப்பு போட்டுத் துவைத்து நிழலில் படுக்கப்போட்டு உலர்த்துங்கள். ப்ளீச் கூடாது. கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுபோகும்.

## நாலடுக்குக் கட்டும் ஈரடுக்குக் கட்டும்

லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 1980களில் உருவானது நாலடுக்குக் கட்டு. பஞ்சு, கிரேப், நெகிழ் பேண்டேஜ், தன்னோடு தானே ஒட்டும் பேண்டேஜ் என்று நான்கு. மூன்றாவதும் நான்காவதும் பாதி இழுப்பில் போடப்படும். ஒவ்வோர் அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 40 மி.மீ. தரும், ஒரு வாரம் வரை தாங்கும். 18 முதல் 25 செ.மீ. வரை சுற்றளவுள்ள கணுக்காலுக்குக் கணக்கிட்டது இது. அதைவிடக் குறைவோ கூடுதலோ என்றால் அடுக்குகளை மாற்ற வேண்டும். இதே வேலையை இரண்டு அடுக்கில், குறைந்த தடிமனில் செய்யும் கட்டுகளும் தனிப் பெட்டியாகக் கிடைக்கின்றன.

பிரிட்டனில் 387 பேரிடம் நடந்து 2004இல் வெளியான வீனஸ்-1 ஆய்வில், புண் ஆறுவதற்கான இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு ஆறிவிடும் நாள்) நாலடுக்கில் 92 நாள், குறை நெகிழ்வுக் கட்டில் 126 நாள். இந்த வித்தியாசத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. பழகிய செவிலியர் வாராவாரம் கைக்குக் கிடைப்பவர்களுக்கு நாலடுக்கைத்தான் சொல்வோம். கிடைக்காதவர் இதைத் தொடக்கூடாது. தவறாகக் கட்டினால் இதிலுள்ள நெகிழ் அடுக்கு படுத்திருக்கும்போதும் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும்.

மறைந்த செலவுகள் நிறைய. எதையும் துவைத்துப் பயன்படுத்த முடியாது, ஒவ்வொரு வாரமும் புது செட். கட்டின் தடிமனால் பழைய செருப்பு ஏறாது. பட்டையை அகலமாகத் திறந்து ஒட்டும் செருப்பு ஒன்று வாங்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளே வியர்த்து அரிக்கும். குளிக்கும்போது காலை முக்காலிமேல் தூக்கி வைத்து, முழங்கால் வரை பாலித்தீன் உறை மாட்டி, விளிம்பை டேப்பால் மூட வேண்டும். ஒருமுறை நனைந்தாலும் முழுக் கட்டையும் பிரிக்க வேண்டியதுதான்.

## அழுத்த ஸ்டாக்கிங்

புண்ணுக்கான ஸ்டாக்கிங் இரண்டு உறையாக வரும். உள்ளுறை மென்மையாகப் புண்மேல் வைத்த பஞ்சைப் பிடித்துக்கொள்ளும், இரவிலும் இருக்கலாம். மேலுறை பகலில் மட்டும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 40 மி.மீ. கொடுக்கும். வீனஸ்-4 ஆய்வு 2014இல் இதை நாலடுக்கோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது: ஆறும் இடைநிலைக் காலம் ஸ்டாக்கிங்கில் 99 நாள், நாலடுக்கில் 98 நாள். ஆறியபின் புண் திரும்பி வந்தது ஸ்டாக்கிங் போட்டவர்களில் 14 சதவீதம், நாலடுக்குக் கட்டியவர்களில் 23 சதவீதம். ஆனால் நடுவிலேயே வேண்டாம் என்று வேறு சிகிச்சைக்கு மாறியவர்கள் ஸ்டாக்கிங் பக்கம்தான் அதிகம். மாட்டுவதிலும் கழற்றுவதிலும் உள்ள சிரமம் சாதாரணமானதல்ல.

எனவே வாங்கும் முன், குனிந்து குதிகாலைத் தொட முடிகிறதா, விரல்களில் பிடிமானம் இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் தேய்மானம், கை விரல் மூட்டு வாதம், பெரிய தொந்தி இருந்தால் தினமும் வேறொருவர்தான் மாட்டிவிட வேண்டும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் துணி வழுக்காமல் பிடிபடும். விரல் திறந்த ஸ்டாக்கிங்குக்கு, வழுக்கும் பட்டுத்துணி உறையை முதலில் பாதத்தில் மாட்டி அதன்மேல் ஏற்றிவிட்டு உருவிவிடலாம்.

கடையில் "மீடியமா, லார்ஜா" என்று கேட்டுக் கொடுப்பதை வாங்காதீர்கள். கணுக்காலில் மிகக் குறுகிய இடம், கெண்டைக்காலில் மிகப் பருத்த இடம், தரையிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை உயரம், இந்த மூன்றையும் காலை நேரத்தில் அளக்க வேண்டும். வீங்கிய காலுக்கு அளந்து வாங்கினால் மூன்று வாரத்தில் தொளதொளத்துவிடும். அதனால் வீக்கம் உள்ளவர்கள் முதலில் கட்டுப் போட்டு வீக்கத்தை வடித்துவிட்டு ஸ்டாக்கிங்குக்கு மாறுவது நல்லது. அழுத்தத் தரத்தைக் குறிக்கும் கிளாஸ் 2 என்ற பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். ஜெர்மன் அளவில் அது 23 முதல் 32 மி.மீ., பிரிட்டிஷ் அளவில் 18 முதல் 24 மி.மீ. பெட்டியில் மி.மீ. எண்ணைப் படியுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களுக்கு ரத்தக்கட்டி வராமல் போடும் வெள்ளை ஸ்டாக்கிங்கையும் சில இடங்களில் இதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் அழுத்தம் 18 மி.மீ. அளவுதான், நடமாடுகிறவரின் புண்ணுக்குப் போதாது.

புண் பெரிதாக இருந்து நீர் கொட்டினால் ஸ்டாக்கிங் வேண்டாம், நனைந்து நாறும். தினமும் துவைக்க இரண்டு ஜோடி தேவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கிழியாவிட்டாலும் நெகிழ்வு போயிருக்கும். இந்தத் தொடர் செலவை ஆரம்பத்திலேயே கணக்கில் வையுங்கள், ஏனென்றால் புண் ஆறியபின்னும் ஸ்டாக்கிங்கைத் தொடர வேண்டியிருக்கும்.

## வெல்க்ரோ உறை

நெகிழாத துணிப் பட்டைகள் வரிசையாக, வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்ளும். கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டினால் முடிந்தது. வீக்கம் குறைந்தால் நோயாளியே இறுக்கிக்கொள்ளலாம், புண்ணைக் கழுவ அவிழ்த்துத் திரும்பப் போடலாம், தினமும் குளிக்கலாம். தனியாக வாழும் முதியவர்களுக்கும், ஊரில் கட்டுப்போட ஆளில்லாதவர்களுக்கும் இதைத் துணிந்து சொல்லலாம். சில தயாரிப்புகளோடு இழுப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு அட்டையும் வரும்.

ஒரே தவணையில் கொடுக்க வேண்டிய விலைதான் தடை. நாலடுக்கின் வாரச் செலவை மூன்று, நான்கு மாதத்துக்குப் பெருக்கி, போய்வரும் பஸ் செலவையும் சேர்த்து ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். பாதத்துக்கான உறை தனியாக விற்கப்படும். அதை விட்டுவிட்டால் பாதம் வீங்கும். புடவை ஓரமும் வேட்டி நூலும் வெல்க்ரோவில் மாட்டிக்கொள்ளும், பஞ்சும் முடியும் அடைந்தால் ஒட்டாது. வாரம் ஒருமுறை பழைய சீப்பால் வாரிச் சுத்தம் செய்து, பட்டைகளை ஒட்டிய நிலையிலேயே துவையுங்கள். வலிக்கிறது என்று நோயாளி தானே தளர்த்திவிடுவதும் உண்டு, அவிழ்ப்பது சுலபம் என்பதன் மறுபக்கம் அது.

## ஒரே பார்வையில்

| வழி | யார் கட்டுவது | மாற்றும் இடைவெளி | மறுபயன் | பொருந்தாதவர் |
|---|---|---|---|---|
| துத்தநாகக் கட்டு | பழகிய செவிலியர் | 3–7 நாள் | இல்லை | நடமாட்டம் இல்லாதவர், நீர் மிக வடிபவர் |
| குறை நெகிழ்வு | பழகிய வீட்டார் | முதலில் 1–2 நாள், பிறகு வாரம் இருமுறை | உண்டு | கட்ட ஆளில்லாதவர் |
| நாலடுக்கு, ஈரடுக்கு | செவிலியர் மட்டும் | 7 நாள் வரை | இல்லை | தமனி அடைப்பு சந்தேகம் உள்ளவர் |
| ஸ்டாக்கிங் | தானே | தினமும் | உண்டு, 6 மாதம் | பெரிய ஈரப் புண், கை வலுவற்றவர் |
| வெல்க்ரோ | தானே | தினமும் | உண்டு | ஒரே தவணையில் செலவிட முடியாதவர் |

## லேசர் செய்தால் கட்டு வேண்டாமா?

கட்டுக்கு மாற்றாக லேசரை எண்ணக்கூடாது, இரண்டும் சேர்ந்து போகிறவை. தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் பழுதான மேற்சிரையை லேசர், ரேடியோ அலை அல்லது நுரை ஊசியால் அடைத்துவிடுவது நோயின் வேரில் கைவைப்பது. பிரிட்டனில் 450 பேரிடம் நடந்த எவ்ரா ஆய்வு 2018இல் வெளியானது. எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. இரண்டு வாரத்துக்குள் சிரையை அடைத்தவர்களுக்குப் புண் ஆறும் இடைநிலைக் காலம் 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். அதற்கு முந்தைய எஸ்கார் ஆய்வில், அறுவையும் அழுத்தமும் சேர்ந்தவர்களில் ஓராண்டில் 12 சதவீதத்தினருக்குப் புண் திரும்பியது. அழுத்தம் மட்டும் பெற்றவர்களில் 28 சதவீதம்.

ஆகவே "முதலில் புண் ஆறட்டும், பிறகு லேசர் பார்க்கலாம்" என்று காத்திருக்கத் தேவையில்லை. கலர் டாப்ளர் ஸ்கேனை நின்ற நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். படுத்தபடி எடுத்தால் பின்னோட்டம் (ரத்தம் கீழ்நோக்கித் திரும்பி ஓடுவது) தப்பிப்போகும். மேற்சிரையில் அரை வினாடிக்கு மேல் பின்னோட்டம் இருந்தால் அது பழுது. ஆழ்சிரைகளில் பழைய ரத்தக்கட்டியின் அடைப்பு உள்ளதா என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். இருந்தால் சிகிச்சையே வேறு, மேற்சிரையை அடைக்கும் முன் ரத்தநாள நிபுணர் யோசித்தாக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், குறிப்பிட்ட சிகிச்சை அதில் வருகிறதா என்று சேரும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

## கட்டுக்கு அடியில் என்ன வைப்பது

விலை உயர்ந்த பஞ்சு வகைகளில் ஒன்று மற்றொன்றைவிட வேகமாகச் சிரைப் புண்ணை ஆற்றுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வெள்ளி சேர்த்த பஞ்சைப் பிரிட்டனில் சோதித்தபோதும் சாதாரணப் பஞ்சைவிட மேலாக வரவில்லை. ஒட்டாத எளிய வலைத்துணி, அதன்மேல் நீரை உறிஞ்சும் பஞ்சு, இது போதும். புண்ணைக் கொதித்து ஆறிய நீரில் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், புதுத் தசையை அது எரிக்கும். சுற்றுத் தோலில் துத்தநாகக் களிம்போ வாசனையில்லாத வாஸ்லினோ தடவுங்கள்.

நியோமைசின், ஃப்ராமைசெடின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த களிம்பும் பொடியும் வீட்டுக்கு வீடு இருக்கும். நாட்பட்ட சிரைப் புண்ணில் அவை ஒவ்வாமைக் கரப்பானை உண்டாக்குவது மிகச் சகஜம். புண் பரவுகிறது என்று பயந்து இன்னும் அதிகமாகத் தடவுவார்கள், தோல் இன்னும் மோசமாகும். சீழ் பரிசோதனையில் ஏதாவது கிருமி வரத்தான் செய்யும். அதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் சாப்பிடக்கூடாது. சிவப்பு பரவுவது, காய்ச்சல், புதிதாக வலி கூடுவது, இவை இருந்தால் மட்டுமே தேவை. பென்டாக்சிஃபைலின் 400 மி.கி. மாத்திரையை நாளைக்கு மூன்று வேளை, அழுத்தக் கட்டோடு சேர்த்துக் கொடுத்தால் ஆறுவது விரைவாகிறது. குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம், ரத்தக் கசிவு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. மருத்துவரிடம் கேட்கத் தகுந்த மாத்திரை.

## யாருக்கு எது

ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்பவர், டீ மாஸ்டர், போக்குவரத்துக் காவலர் போன்றோர் நடமாடுகிறவர்கள். புண் சிறிதாக இருந்தால் ஸ்டாக்கிங், பெரிதாக இருந்தால் வீக்கம் வடியும்வரை ஈரடுக்குக் கட்டு. தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தை 2021இல் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வைப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். முதலாளியிடம் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. உட்கார முடியாத நேரத்தில் நின்ற இடத்திலேயே குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குங்கள். அசையாமல் நிற்பதுதான் கெடுதல்.

நடமாட்டம் குறைந்த முதியவருக்கு நெகிழ்வுள்ள கட்டு வேண்டும்: நாலடுக்கு அல்லது ஈரடுக்கு. தமனி விகிதம் சரியாக இருந்தால் மட்டும். நாற்காலியில் கால் தொங்கவிட்டபடியே தூங்குபவர்களுக்கு எந்தக் கட்டும் முழுப் பலன் தராது. நாளைக்கு மூன்று, நான்கு முறை அரை மணி நேரம், கால் இதயத்துக்கு மேலே இருக்கும்படி படுக்க வேண்டும். முக்காலிமேல் கால் நீட்டுவது இதில் சேராது.

அரிப்பும் கரப்பானும் முதன்மைத் தொல்லை என்றால் துத்தநாகக் கட்டில் தொடங்கலாம். மகளோ மருமகளோ கணவரோ கட்டப் பழகத் தயார் என்றால் குறை நெகிழ்வு. யாருமில்லை என்றால் வெல்க்ரோ. அதற்கும் வசதி இல்லையென்றால், முழு 40 மி.மீ. கிடைக்காவிட்டாலும் தானே மாட்ட முடிகிற 20 மி.மீ. ஸ்டாக்கிங்கை விடாமல் போடுவது, பெட்டியில் கிடக்கும் உயர்ந்த ரகத்தைவிட எவ்வளவோ மேல்.

## எப்போது மாற்றுவது

தொடங்கும் நாளில் தெளிவான பிளாஸ்டிக் தாள் இரண்டை அடுக்கிப் புண்மேல் வைத்து மார்க்கரால் ஓரத்தை வரைந்து தேதி போடுங்கள். புண்ணில் பட்ட அடித்தாளைத் தூக்கிப்போட்டு, வரைந்த மேல்தாளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வரையுங்கள். 4 வாரத்தில் பரப்பு மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தால் அதே கட்டைத் தொடரலாம். குறையாவிட்டால் புது ஆயின்மென்ட்டைத் தேடும் முன், கட்டு நாள் முழுக்க நிற்கிறதா, இரவில் யாராவது அவிழ்க்கிறார்களா, குதிகால் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் வேறு கட்டுக்கு மாறுங்கள், தமனி விகிதத்தையும் மறுபடி எடுங்கள்.

ஒழுங்கான அழுத்தம் கொடுத்தும் மூன்று மாதத்தில் ஆறாத புண்ணுக்கும், ஓரம் தடித்து மேலெழும்புகிற, தொட்டால் ரத்தம் கசிகிற, காலிஃபிளவர் போலத் தசை வளர்கிற பல வருடப் புண்ணுக்கும் பயாப்ஸி (சிறு தசைத் துண்டை எடுத்துப் பரிசோதிப்பது) அவசியம். நாட்பட்ட புண்ணில் தோல் புற்றுநோய் வரக்கூடும். தசையைப் புண்ணின் நடுவில் மட்டும் எடுத்தால் நோய் தவறிவிடலாம், ஓரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.